முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: புதுப் பெயின்ட் அடித்த எம்ஜிபியா, பில் கோப்பு உள்ள எம்ஜிபியா?

புதுச்சாவி எழுதியது:

வணக்கம். கூரையை மடித்துவிட்டு ஓட்டக்கூடிய, இருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்று நீண்ட காலமாக எண்ணியிருந்தேன். அதற்கான பணமும், வண்டியை நிறுத்துவதற்குக் கூரையுள்ள ஓர் இடமும் இப்போதுதான் ஒருசேர அமைந்திருக்கின்றன. அன்றாட வேலைக்கு வேறு கார் இருக்கிறது. எனவே இது விடுமுறை நாள்களில் ஓட்டுவதற்கும், முடிந்தவரை நானே பிரித்து மாட்டிக் கற்றுக்கொள்வதற்கும்தான். ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை எனக்குப் பழக்கம் உண்டு. கார்புரேட்டரை இதுவரை தொட்டதில்லை.

தேடியதில், பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த எம்ஜிபி கார்கள் இரண்டு என் வசதிக்குள் வந்திருக்கின்றன. முதலாவது 1969ஆம் ஆண்டு வண்டி. குரோம் பம்பர், ஸ்போக் வீல், அண்மையில் அடித்த சிவப்புப் பெயின்ட் என்று பார்த்தவுடன் பிடித்துப்போகிறது. இன்ஜினை முழுவதுமாக ஓவர்ஹால் செய்திருப்பதாக விற்பவர் சொல்கிறார். ஆனால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு பில்கூட இல்லை. இரண்டாவது 1977ஆம் ஆண்டு வண்டி. கறுப்பு ரப்பர் பம்பர், மங்கிப்போன பச்சைப் பெயின்ட், ஓட்டுநர் இருக்கையில் கிழிசல். ஒருவரிடமே பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு பில்லையும் தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். விலையும் முதலாவதைவிடக் கணிசமாகக் குறைவு.

எனக்குப் பிடித்திருப்பது சிவப்பு வண்டி. நண்பர்கள் பச்சை வண்டியை வாங்கச் சொல்கிறார்கள். நேரில் பார்க்கும்போது எவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், வாங்கிய பிறகு என்னென்ன வேலைகள் வரும், அல்லது எம்ஜிபியையே விட்டுவிட்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றைப் பார்ப்பது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சட்டமும்சக்கரமும் எழுதியது:

எம்ஜிபியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 1962 முதல் 1980 வரை, எல்லா வடிவங்களையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருப்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்று வருகிறது என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட வண்டியில் இன்ஜின் தேய்ந்திருந்தாலும், கியர் பாக்ஸ் சத்தம் போட்டாலும், அவற்றுக்கான செலவை முன்கூட்டியே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். கணக்கில் அடங்காமல் போவது துருதான்.

அதற்குக் காரணம் இந்த வண்டி கட்டப்பட்டிருக்கும் முறை. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். மேலே நிலையான கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரண்டு சில்கள்தாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தகடாகத் தெரியும் அந்தச் சில்லுக்குள் உள்தகடு, நடுத்தகடு, அடிப்பட்டை எனப் பல அடுக்குகள் உண்டு. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு மட்கார்டின் பின்புறத்தில் தங்கி, அங்கிருந்து ஈரம் சில்லுக்குள் இறங்கி, உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும். இதை ஒழுங்காகச் சரிசெய்ய வேண்டுமானால் முன், பின் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் சில்லை மாற்ற முடியும். விற்பதற்காக வேலை பார்ப்பவர்கள் அந்த வம்புக்குப் போகாமல், துருப்பிடித்த சில்லின் மேலேயே ஒரு மூடுதகட்டை வெல்டிங் செய்து, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சிவப்பு வண்டி அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதுப் பெயின்ட் இருந்து, அதற்கு முன் எடுத்த படங்களோ பில்களோ இல்லையென்றால் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான்.

நேரில் போகும்போது ஒரு சிறு காந்தம், மெல்லிய துணி, டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். துணியைச் சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகிலும், நான்கு மட்கார்டுகளின் அடிவிளிம்பிலும், கதவுகளின் அடியிலும் நகர்த்திப் பாருங்கள். பிடிமானம் தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். அடுத்து, விற்பவரின் அனுமதியோடு, கதவைச் சாத்தி வைத்து அதன் மேல்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சில்லின் கீழே உள்ள ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி மீண்டும் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ சில் தன் வேலையைச் செய்யவில்லை. அதற்கு மேல் அந்த வண்டியைச் சோதிக்க வேண்டிய தேவையே இருக்காது. ஜாக்கி இடமே நசுங்கினால் அதுவும் அதே பதில்தான். எந்த நிலையிலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பாடியோடு சேரும் இடம், டிக்கியின் தரை ஆகியவற்றையும் பாருங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கித் தரையின் அடியில் ஒட்டினாற்போல் மாட்டப்பட்டிருப்பதால் இடையில் மண் தங்கி, டேங்க் மேற்புறத்திலிருந்து ஓட்டையாகும். பாதி டேங்க் வரை கசியாது. முழுவதும் நிரப்பினால்தான் வாடை வரும்.

ரப்பர் பம்பரைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்க விதிகளுக்காக 1974இன் பிற்பகுதியில் அதைச் சேர்த்தபோது வண்டியின் உயரத்தையும் கூட்டியதால், வளைவுகளில் சாய்வது அதிகமாயிற்று என்பது உண்மை. 1977 மாடலில் பின்பக்கத்துக்கும் ஆன்டி ரோல் பார் கொடுத்து அதை ஓரளவு சரிசெய்தார்கள். சில் உறுதியாக இருந்தால் என் வாக்கு பச்சை வண்டிக்குத்தான்.

நான்காம்கியர் எழுதியது:

பாடியைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லி வையுங்கள். போனவுடன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஏதோ தொல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் கரும்புகை வருவது இயல்பு. ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதிக்கும் கணத்தில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு கைடு. சூடான பிறகும் விடாமல் வரும் வெண்புகையும், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் படியும் வெளிறிய பசையும் சேர்ந்து தென்பட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பசை மட்டும் இருந்தால், வண்டியைக் குறுகிய தூரமே ஓட்டியிருக்கிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம்.

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், சாதாரண வேகத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், நின்ற இடத்தில் ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையும் காட்டுவது சரியான அளவு. ஓவர்ஹால் செய்த இன்ஜின் என்று சொல்லப்படும் சிவப்பு வண்டி இந்த அளவின் அடிமட்டத்தில் தள்ளாடினால், ஓவர்ஹால் என்பது கேஸ்கெட் மாற்றிப் பெயின்ட் அடித்ததோடு நின்றிருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்க அனுமதி கேளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

1967இன் இறுதிக்குப் பின் வந்த எம்ஜிபிகளில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் பற்கள் மோதாமல் சேர உதவும் அமைப்பு) உண்டு; ஆகவே உங்கள் இரண்டு வண்டிகளிலுமே ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் கியருக்கு இறக்கினால் கரகரப்பு வரக் கூடாது. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் மூன்றிலும் நான்கிலும் அது சுணக்கமின்றி விழுந்து விடுபடுகிறதா என்று பாருங்கள். வேலை செய்யாத ஓவர்டிரைவுக்குப் பெரும்பாலும் ஒயரிங்தான் காரணம். ஆனால் விலை பேசும்போது அதைப் பழுதாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்போக் வீல் அழகுதான். அதற்கேற்ற பராமரிப்பும் உண்டு. ஹப்பில் உள்ள பற்கள் தேய்ந்திருந்தால், வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கும். சக்கரத்தை மாற்றினால் மட்டும் போதாது, ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். முதல் வண்டிக்குச் சாதாரண இரும்புச் சக்கரமே மேல் என்பது என் கருத்து.

கூரைமடிப்பவன் எழுதியது:

எல்லோரும் எம்ஜிபிக்குள்ளேயே நிற்கிறீர்கள். கேள்வி கேட்டவர் எம்எக்ஸ்-5 பற்றியும் கேட்டிருக்கிறார். அதற்காக நான் வாதாடுகிறேன்.

அறுபதுகளின் லோட்டஸ் எலானைப் போன்ற சிறிய, எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டியை நம்பகமான இயந்திரத்தோடு தர வேண்டும் என்ற எண்ணத்தில் 1989இல் வந்ததுதான் மாஸ்டாவின் முதல் எம்எக்ஸ்-5. மேலெழும் முகப்பு விளக்குகள் கொண்ட அந்த முதல் தலைமுறைக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அதைப் பழைய வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் ஓடும், சோக் வேண்டாம், பாயின்ட் (இக்னிஷன் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வேண்டாம், ஒழுகும் ஆயிலுக்குக் கீழே தட்டு வைக்க வேண்டாம். 1.6 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூரையின் நீர் வடியும் துளைகள் குப்பையால் அடைத்துக்கொண்டால், நீர் சில்லின் பின்பகுதிக்குள் இறங்கிப் பின்சக்கர வளைவை ஒட்டி அரிக்கும். மெல்லிய நெகிழ்கம்பியை விட்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வது அந்த வண்டியின் மலிவான, மிக முக்கியமான பராமரிப்பு. தொடக்க கால 1.6 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் புல்லியைப் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்துபோகும் குறையும் இருந்தது; புல்லி ஓடும்போது ஆடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பிட்ஃபயரும் மோசமில்லை. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. முன்பாடி முழுவதும் ஒன்றாக முன்னோக்கிச் சாயும் என்பதால் இன்ஜின் வேலை பார்ப்பவருக்கு அதைவிட வசதியான வண்டி வேறில்லை. முன்சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியனுக்கு மட்டும் கிரீஸ் அடிக்காமல் 90 கிரேடு கியர் ஆயில் செலுத்த வேண்டும். கிரீஸ் அடித்தே ஓட்டிய வண்டிகளில் அது தேய்ந்து முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று போர்ஷே 944 பக்கம் போய்விடாதீர்கள். நல்ல வண்டிதான், ஆனால் டைமிங் பெல்ட் மாற்றிய சான்று இல்லாத 944 எந்த விலைக்கும் அதிகம், ஏனெனில் அதில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும்.

தகடுபடிப்பவர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. பணம் கொடுப்பதற்கு முன், பதிவு ஆவணத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் உள்ள தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இவை 1981இல் வந்த பதினேழு எழுத்து முறைக்கு முந்தைய வண்டிகள் என்பதால் எண் குறுகியதாக இருக்கும். ஜிஎச்என் என்று தொடங்கினால் திறந்த கூரை வண்டி. ஜிஎச்டி என்று தொடங்கினால் நிலையான கூரை கொண்ட ஜிடி. திறந்த கூரை வண்டியில் ஜிஎச்டி தகடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதுபோலவே இன்ஜின் பிளாக்கில் உள்ள எண் 18வி என்று தொடங்கினால் அது 1971 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின். 1969 வண்டியில் அது இருப்பது குற்றமில்லை, ஆனால் மூல இன்ஜின் என்று சொல்லி அதற்கு விலை கேட்கக் கூடாது.

காப்பீடு எடுக்கும்போது, தேய்மானம் கழித்த சந்தை மதிப்புக்கு அல்லாமல், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். அதற்குப் படங்களும் பில்களும் கேட்பார்கள். பச்சை வண்டியின் கோப்பு அங்கேயும் உதவும்.

புதுச்சாவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வண்டிகளையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சிவப்பு வண்டியின் இன்ஜின் நான் போகும்போதே சூடாக இருந்தது. முன்மட்கார்டில், சக்கரத்துக்குப் பின்னால், என் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. வைத்த இடத்திலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. இரு பக்கமும் அப்படியே. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று கேட்டதற்குப் புதுப் பெயின்ட் கீறிவிடும் என்று மறுத்துவிட்டார். அத்துடன் திரும்பிவிட்டேன்.

பச்சை வண்டியின் உரிமையாளர் தாமே ஜாக்கியையும் ஸ்டாண்டையும் எடுத்துக் கொடுத்தார். இடப்பக்கச் சில்லை முழுவதுமாக மாற்றியதற்குப் பில்லும், மட்கார்டை வெட்டித் திறந்து வைத்த நிலையில் எடுத்த படங்களும் கோப்பில் இருக்கின்றன. இடப்பக்கக் கதவின் இடைவெளியில் சிறிதும் மாற்றம் இல்லை. வலப்பக்கச் சில்லின் பின்முனையில் மட்டும் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியபோது தகடு உள்வாங்கியது. கதவின் இடைவெளி மிகச் சிறிதளவு மாறியது, ஆனால் கதவு தடையின்றித் திறந்தது. ஆயில் பிரஷர் ஓடும்போது 60க்குக் குறையவில்லை. ஓவர்டிரைவ் நான்காம் கியரில் விழுகிறது, மூன்றில் விழவில்லை.

எம்எக்ஸ்-5 பற்றிய வாதம் நியாயமானதே. ஆனால் நான் கற்றுக்கொள்ள விரும்புவது அந்த வண்டி வேண்டாம் என்று விட்டொழித்த கார்புரேட்டரும் பாயின்ட்டும்தான். ஆகவே வலப்பக்கச் சில் வேலையின் செலவைக் கழித்துப் பச்சை வண்டிக்கு விலை பேசலாம் என்று இருக்கிறேன். வாங்கியபின் முதலில் எதைத் தொட வேண்டும்? ஈயமில்லாத, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஒத்துவருமா?

நான்காம்கியர் எழுதியது:

மூன்றாம் கியரில் மட்டும் ஓவர்டிரைவ் விழவில்லை என்றால் அநேகமாக அது பழுதே இல்லை. 1977 மாடலில் அதை நான்காம் கியருக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள். மூன்றிலும் பாருங்கள் என்று நான் பொதுவாக எழுதியது முந்தைய மாடல்களுக்குப் பொருந்தும். விலையில் அதற்காகக் கழிக்கக் கேட்டுவிடாதீர்கள்.

வாங்கியவுடன் ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய திரவத்தால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிப்பதோடு, சூடேறும்போது திரவம் கொதித்து பெடல் தொளதொளக்கும். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் முழுவதும் வடித்துப் புதிதாக டாட் 4 நிரப்புங்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5ஐ இதனோடு கலக்கவே கூடாது. ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்வது உண்டு. பிரேக்கை விட்ட பிறகும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் அதுதான் காரணம். அதேபோல டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு இலக்கங்கள் டயரைச் செய்த வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டு கடந்த டயரில் எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். இலக்கம் மூன்றாக இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர். அதில் வண்டியை வீட்டுக்குக்கூட ஓட்டி வராதீர்கள்.

பெட்ரோலைப் பொறுத்தவரை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. பலரும் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது ஈயம். இந்த இன்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பு. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் அதே இரும்பில் குடைந்தது. முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் அங்கே ஒரு காப்புப் படலமாக இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. இப்போது நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே பதிந்துகொண்டே போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வால்வு இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறை அளக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் வால்வு பதிகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றிக் கடின உலோக சீட்டுகளைப் பொருத்தினால் தீர்ந்தது. கோப்பில் அதற்கான பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். நிதானமாக ஓட்டும் வண்டிக்கு இது அவசரமில்லை.

இரண்டாவது எத்தனால், இதைத்தான் நான் உடனே கவனிக்கச் சொல்வேன். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கி வெடிக்கச் செய்யும், டேங்கில் ஈரத்தை இழுத்து வைக்கும். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே கார்புரேட்டர் அமர்ந்திருக்கும் வண்டியில் பெட்ரோல் குழாய் கசிவதன் விளைவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்களாக மாற்றிவிட்டு, ஒரு தீயணைப்பானையும் வண்டியில் வையுங்கள்.

ஆயில் 20டபிள்யூ-50, பழைய இன்ஜின்களுக்கென்று விற்கப்படுவது. புதிய கார்களுக்கான ஆயிலில் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள். கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் நேரடியாக உரசும் இந்த இன்ஜினுக்கு அது வேண்டும். கியர் பாக்ஸுக்கும் அதே இன்ஜின் ஆயில்தான், ஓவர்டிரைவும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பின் ஆக்சிலுக்கு மட்டும் 90 கிரேடு. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின்னின் நிப்பிள்களுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து; சக்கரம் தரையில் பாரத்தோடு நின்றால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. மாற்றிச் சொல்லும் நிபுணர்கள் பலர் இருப்பார்கள். வண்டிக்குரிய வொர்க்‌ஷாப் மேனுவலை வாங்கி அதில் உள்ளபடி செய்யுங்கள்.

கார்புரேட்டருக்கு முன் இக்னிஷனை முடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி கன்டன்சரும் பாயின்ட்டும்தான். பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். வால்வு, பாயின்ட், டைமிங் என்று இந்த வரிசையில் சரிசெய்த பிறகும் ஐட்லிங் தடுமாறினால் மட்டும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களைத் தொடுங்கள். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் காட்டினால் காற்று இழுக்கும் சீற்றம் கேட்கும். இரண்டும் ஒரே ஒலியில் சீறும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவதுதான் சமன் செய்வது. அமெரிக்கச் சந்தைக்குப் போன 1977 வண்டியாக இருந்தால் இரட்டை எஸ்யூவுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க் இருக்கும். அதற்கு இந்த வேலை இல்லை.

நிறுத்தி வைக்கும் மாதங்களில் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். இன்ஜின் முழுச்சூட்டை எட்டாததால் எரிப்பில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள்.

சட்டமும்சக்கரமும் எழுதியது:

வலப்பக்கச் சில்லைப் பற்றி. உள்வாங்கிய இடம் பின்முனை என்பதால், பின் ஸ்பிரிங் சேரும் இடத்தையும் அந்தப் பக்கம் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு விலையைச் சொல்லுங்கள். அங்கும் போயிருந்தால் வேலை இரட்டிப்பாகும்.

வேலையைக் கொடுக்கும் இடத்தில் அவர்கள் எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். சில்லை வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியின் பாரம் சக்கரங்களின் மேல் இருக்கும்படி அது சமதளத்தில் நிற்க வேண்டும். முட்டு எதற்கு, மூடுதகடு போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். புதிய சில்லை முதலில் கிளாம்பிலும் சில புள்ளி வெல்டிங்கிலும் மட்டும் நிறுத்தி, முட்டுக் குழாயை ஒரு பக்கம் விடுவித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் சமமாக இருந்தால்தான் முழு வெல்டிங் வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் நீங்கள் நேரில் இருந்து படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, சில்லின் உள்ளறைக்கு மெழுகுக் காப்பு அடிக்கத் துளை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இடப்பக்கம் மாற்றியபோது அதைச் செய்திருக்காவிட்டால் இரு பக்கத்துக்கும் சேர்த்தே அடித்துவிடலாம்.